கல்யாணக் காசு கல்லூரிக் காசான கதை



நம்ம குழுக்களோட பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் புரட்டினால், உள்கடன் எதற்காக என்று எழுதியிருக்கிற இடத்தில் அநேகமாக ஒரே மாதிரி காரணங்கள்தான் இருக்கும். கறவை மாடு, விதைக்கடலை, ஆஸ்பத்திரிச் செலவு, கந்துவட்டிக் கடன் அடைக்க, மகள் கல்யாணம். நடுவில் எப்போதோ ஒரு புதுக் காரணம் நோட்டுக்குள் வந்தது: மகள் காலேஜ் ஃபீஸ். இப்போ ஜூன், ஜூலை மாதக் கூட்டம் என்றாலே அதுதான் பேச்சு. அந்த ஒரு வரி நம்ம நோட்டுக்குள் வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதைத்தான் இந்த மலருக்காக எழுதுகிறேன்.

பொண்ணு காலேஜ் போகாததற்கு ஃபீஸ்தான் காரணம் என்று நாம சொல்லிக்கொள்கிறோம். பழைய ஆட்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. எங்கே தங்குவது, யார் சோறு போடுவது, எந்த பஸ்ஸில் போவது, எந்த ஆபீசில் என்ன சான்றிதழ் வாங்குவது, கடைசித் தேதி எப்போது, யாரைப் போய்க் கேட்பது என்று ஃபீஸைச் சுற்றி நிற்கிற இந்த விஷயங்கள்தான் நிறைய பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தியிருக்கின்றன. இந்த வேலையை யாராவது ஒருத்தர் தன் தலையில் போட்டுக்கொண்ட இடத்தில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

முதலில் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் சென்னையில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளைப் பையன் இறந்துபோனான். அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அப்படி ஒரு சிறுமிக்கு மிச்சம் இருந்தது மொட்டைத் தலையும் சமையலறை மூலையும்தான். அவரைப் பெத்தவங்க அப்படிச் செய்யாமல் படிக்க வைத்தார்கள். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான்.

பட்டம் வாங்கினவர் முதலில் செய்த காரியம் எழும்பூரில் ஒரு வீட்டில் ஒரு சில இளம் விதவைகளைத் தங்க வைத்ததுதான். படிப்பு சொல்லிக் கொடுக்க அவர் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய சித்தி வாலாம்பாள் இருந்தார், அவரும் விதவைதான். சித்தியின் பெயரைப் பெரிசா யாரும் சொல்வதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க, ஊரே அபசகுனம் என்று ஒதுக்கிவைத்த பொண்ணை, 'அங்க ஒரு பெரியவங்க இருக்காங்க, நேரத்துக்குச் சாப்பாடு போடறாங்க' என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த அம்மா அனுப்புவாள்?

பிறகு அரசு உதவியோடு அந்த விடுதி திருவல்லிக்கேணி கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்கக் கட்டிய கட்டடம் அது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோம். அதே கடற்கரைச் சாலையில் 1914-இல் பெண்களுக்கென்று ஒரு அரசுக் கல்லூரி தொடங்கினார்கள். டோரதி டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதல்வர். 1917-இல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். விடுதிப் பெண்கள் பள்ளிப் படிப்பை முடித்து அங்கே போய்ப் படித்தார்கள், டீச்சர் வேலைக்குப் போனார்கள். கல்லூரியும் விடுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான் இதில் பெரிய விஷயம்.

ஒரு குறையையும் சொல்லணும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்ற வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கதவு திறக்க வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அப்படி ஒருத்தர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் 1886-இல் பிறந்தவர், புதுக்கோட்டையில். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். உள்ளூர் மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. 'இந்தப் பொண்ணைச் சேர்த்தால் எங்க பிள்ளைங்க கெட்டுப்போவாங்க' என்று எதிர்ப்பு வந்தது. மகாராஜாவே அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிந்தது. மூடின வண்டியில் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927-இல் சட்டமன்றத்துக்குப் போய் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்தக் குலத்துச் சிறுமிகள் அடைக்கலம் தேடி வந்தபோது தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-இல் உருவான அவ்வை இல்லம் அப்படி ஆரம்பித்ததுதான். சட்டம் போட்டால் மட்டும் போதாது, வெளியே வருகிற பொண்ணு ராத்திரி எங்கே படுப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்ம மண்ணுக்காரர் ஒருத்தரும் இந்த வரிசையில் இருக்கிறார், நிறைய பேருக்குத் தெரியாது. சுவாமி சகஜானந்தர். 1890-இல் ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். பெத்தவங்க வைத்த பெயர் முனுசாமி. சிதம்பரத்துக்குப் போய்த் துறவியானவர், கோயில் வாசலில் அனுமதிக்கப்படாத நந்தனார் பெயரிலேயே 1916-இல் கல்விக் கழகம் தொடங்கினார். பள்ளிக்கூடம், கூடவே விடுதி. கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை படிக்கணும் என்றால் முதலில் அவன் வயிறு நிறையணும், ராத்திரி விளக்கு எரியணும். அதற்காக ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். சட்டமன்றத்திலும் பல வருஷம் உறுப்பினராக இருந்து இதையே பேசினார். இன்றைக்கும் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் நடக்கின்றன. ஆரணிப் பக்கத்து உறுப்பினர்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்க.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்ததும் நம்ம பக்கத்துக் கதைதான். 1947 வரைக்கும் அங்கே பெண்கள் மட்டும்தான் டாக்டருக்குப் படித்தார்கள். ஆனால் திருவண்ணாமலையில் இருந்த சாதாரண வீட்டுக்கு வேலூர் என்றாலே வெளியூர், மெட்ராஸ் என்றால் வெளிநாடு.

நம்ம ஊருக்குக் கல்லூரி வந்தது 1966-இல். அரசு கலைக் கல்லூரி, இப்போ கலைஞர் கருணாநிதி பெயரில் இருக்கிறது. அதுக்கு அடுத்து செய்யாறில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. அதுவரை பத்து, பதினொன்று முடித்த பையனே மேலே படிக்கணும் என்றால் ஊரை விட்டுப் போகணும், பொண்ணு எங்கே போவாள்? அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து பி.யு.சி. என்று ஒரு வருஷம் இருந்தது, அதையும் கல்லூரியில்தான் படிக்கணும். நம்ம மூத்த உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1978-இல் பிளஸ் டூ வந்து அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்தது. இதை யாரும் பெண் கல்விச் சாதனை என்று எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அது பெரிய மாற்றம். பதினாறு வயதில் ஊரை விட்டு அனுப்ப வேண்டிய பொண்ணு, பதினேழு, பதினெட்டு வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலேயே படித்தாள். அந்த வயதில் இரண்டு வருஷம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பொண்ணு பெத்தவங்களுக்குத் தெரியும்.

உதவித்தொகையின் கதையும் பழசுதான். பட்டியல் சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு மேலே படிக்க மத்திய அரசு 1944-இலேயே உதவித்தொகை ஆரம்பித்தது. அண்ணல் அம்பேத்கர் அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். காமராசர் காலத்தில், 1956-இல், பள்ளியில் மதியச் சோறு வந்தது. ஆதிதிராவிடர் நல விடுதி, பி.சி., எம்.பி.சி. விடுதி என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அரசு விடுதிகள் வந்தன. 2025-இல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைத்தார்கள். விடுதி பெயரைக் கேட்டே பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொள்கிற வழக்கத்துக்கு இது ஒரு அடி. ஆனால் பெயர் மாறினால் போதுமா, கழிப்பறைக்குத் தண்ணி வருதா என்பதையும் அம்மாக்கள் போய்ப் பார்க்கணும்.

இப்போ 1989-க்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்தில் நம்ம வாழ்க்கையில் நிறைய நடந்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி வடஆற்காட்டைப் பிரித்து நம்ம மாவட்டம் உருவானது. பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்ற சட்டத் திருத்தம் மார்ச் 25-ஆம் தேதி முதல் செல்லும் என்றார்கள், அதற்கு முன்னாடி கல்யாணம் ஆகிப்போனவர்களுக்கு அப்போது இல்லை என்பது வேறு விஷயம். தர்மபுரியில் ஐஃபாட் நிதியோடு முதல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கினதும் அதே வருஷம்தான். 1997-98-இல் மகளிர் திட்டம் என்று மற்ற மாவட்டங்களுக்கும் பரவினது, நாமெல்லாம் ஒன்று சேர்ந்தது அதன் வழியில்தான்.

அதே 1989-இல் வந்ததுதான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். யார் இந்த மூவலூர் அம்மையார்? மயிலாடுதுறை பக்கம் தேவதாசி குலத்தில் வளர்ந்தவர். அந்த முறையிலிருந்து வெளியே வந்து மேடை மேடையாகப் போய் அதை எதிர்த்தவர். 1936-இல் 'தாசிகளின் மோசவலை' என்று ஒரு நாவலே எழுதினார். 1962-இல் காலமானார்.

அவர் பெயரில் வந்த திட்டம் என்ன சொன்னது? எட்டாவது வரை படித்து, பதினெட்டு வயது முடிந்த ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு அந்தத் தகுதி பத்தாவது ஆனது, தொகையும் ஏறினது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும், பட்டமோ டிப்ளமாவோ படித்திருந்தால் 50,000 ரூபாயும் என்றார்கள். 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது.

இந்தத் திட்டத்தை நான் ஒரு விதத்தில் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன். 'பொண்ணைப் படிக்க வை' என்று சொன்னால் கேட்காத அப்பா, 'பத்தாவது பாஸ் பண்ணினால்தான் கல்யாணத்துக்குப் பணம்' என்றால் கேட்பார். பதினெட்டு வயது வரை பொறுத்தும் இருப்பார். எத்தனையோ பொண்ணுங்க அந்தப் பணத்துக்காகவே பள்ளியில் விட்டுவைக்கப்பட்டார்கள். இன்னொரு விதத்தில் வருத்தம். படிப்பு என்பது கல்யாணத்துக்கு வாங்குகிற சீர் மாதிரி ஆகிவிட்டது. பணம் வருவதும் படித்து முடித்த பிறகு. படிக்கிறப்போ பஸ் காசுக்கும் புக்குக்கும் அந்த 50,000 உதவாது.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி இதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறினது. நாம புதுமைப் பெண் திட்டம் என்று சொல்வது இதைத்தான். பெயரில் மூவலூர் அம்மையார் அப்படியே இருக்கிறார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பொண்ணு பட்டமோ டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ படித்தால், படித்து முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கே வரும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று வந்தது.

தங்கம் போச்சே என்று அப்போ நம்ம கூட்டங்களில் கோபப்பட்டவர்கள் உண்டு. நியாயமான கணக்குதான். மூணு வருஷ டிகிரிக்கு இந்தப் பணம் மொத்தம் 36,000 ரூபாய். அன்றைக்கு ஒரு பவுனே ஏறக்குறைய அந்த விலை. அதோடு 50,000 ரொக்கமும் போயிடுச்சு. இன்றைக்குப் பவுன் விற்கிற விலையில் அந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். ஆனாலும் நான் மாற்றத்தின் பக்கம்தான். பதினெட்டு வயதுப் பொண்ணு, 'எனக்கு மாசா மாசம் பணம் வருது, நான் நின்னுட்டா அது நின்னுடும்' என்று வீட்டில் சொல்லலாம். வரன் பார்க்க வருகிறவர்களிடம் அம்மாவும் அதையே சொல்லிச் சமாளிக்கலாம். தங்கத்துக்கு இந்த வேலை தெரியாது. அதுதான் கல்யாணத்தைச் சீக்கிரம் வா என்று கூப்பிடும்.

இன்னொன்று முதல் பட்டதாரி சலுகை. 2010-இல் வந்தது. வீட்டில் யாருமே டிகிரி வாங்காத குடும்பத்துப் பிள்ளை, கவுன்சிலிங் வழியாக இன்ஜினியரிங் மாதிரி தொழில் படிப்பில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தை அரசே கட்டும். வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தருக்குத்தான். நம்ம வீடுகளில் முதலில் காலேஜுக்கு அனுப்பப்படுவது யார்? அண்ணன். தங்கச்சி பிளஸ் டூ முடிக்கிறப்போ அந்தச் சலுகை ஏற்கெனவே செலவாகிப் போயிருக்கும். சட்டத்தில் ஆண், பெண் என்று எதுவும் எழுதவில்லை, நம்ம வழக்கம்தான் அப்படிப் பிரித்துக் கொடுக்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கினது 2020-இல். அடுத்த வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை எல்லாவற்றுக்கும் வந்தது, ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசே ஏற்றுக்கொண்டது. இப்போ நம்ம மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கு, வாழவச்சனூரில் வேளாண் கல்லூரி இருக்கு. இவ்வளவும் இருந்தும் பிளஸ் டூ பாஸ் பண்ணின பிள்ளைகளில் சிலர் எங்கேயும் சேராமல் காணாமல் போகிறார்கள். நான் முதல்வன் திட்டத்தில் உயர்வுக்குப் படி என்று முகாம் போடுவதே அப்படி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடித்தான். ஏன் விட்டுப்போகிறார்கள் என்று கேட்டால் சாதிச் சான்றிதழில் பெயர் தப்பு, ஆதாரில் பிறந்த தேதி வேறு, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கவில்லை, தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது என்பார்கள். ஐஸ் ஹவுஸ் காலத்தில் மொட்டைத் தலை தடுத்தது, இப்போ ஒரு எழுத்துப் பிழை தடுக்கிறது. பத்தாவது படிக்கிறப்போவே இ-சேவை மையத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்து வைத்துவிட்டால், ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லணும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீட்டிலிருந்து தினமும் போய்வர இது பெரிய ஆறுதல். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் கிரிவலக் கூட்டத்தில் நம்ம பிள்ளைங்க பஸ்ஸில் கால் வைக்க முடியாது, அது அண்ணாமலையார் கணக்கு.

கல்விக் கடன் பற்றிச் சுருக்கமாக. 2001-இல் வந்த வங்கித் திட்டத்தின்படி 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, பெத்தவங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழில் படிப்புக்குப் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு கட்டுகிற திட்டம் 2009-இல் வந்தது. மேனேஜர் 'இல்லம்மா, போங்க' என்றால், காரணத்தை எழுதிக் கொடுங்க என்று கேளுங்க. குழுக் கடனுக்கு வங்கி வாசல் மிதித்துப் பழகின நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே.

ஜவ்வாது மலைப் புலியூர்க் கிராமத்துப் பழங்குடிப் பொண்ணு ஸ்ரீபதி 2024-இல் உரிமையியல் நீதிபதி தேர்வில் பாஸ் ஆன செய்தியை எல்லாரும் படித்திருப்பீங்க. அப்போ வயது 23. படிக்கிறப்போவே கல்யாணம் ஆனவர். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் மலையிலிருந்து சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். அவருடைய தைரியத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். பச்சை உடம்புக்காரியைப் பத்திரமா கூட்டிட்டுப் போன குடும்பத்தைப் பற்றியும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

கடைசியாக, பிள்ளைகளைப் படிக்க வைத்த நம்ம உறுப்பினர்கள் சிலர், 'எங்களுக்கும் வழி இருக்கா' என்று கேட்கிறார்கள். இருக்கு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் வந்தது இதற்குத்தான். ஆனால் ஒன்று ஜாக்கிரதை. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்காமல் நேராகத் திறந்தநிலையில் வாங்குகிற பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்றுக்கொள்வதில்லை. புதுமைப் பெண் பணமும் அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. அதனால் எட்டாவதோடு நின்றவர்கள் முதலில் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதுங்க. அதற்கு அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில் பதியணும். முதல் தடவை எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்கும் தனியாக, முன்கூட்டியே பெயர் கொடுக்கணும். எட்டாவது பாஸ் பண்ணின சான்றும் பழைய பள்ளி டி.சி.யும் தேடி எடுத்து வைங்க.